இழவு வீட்டில் போடாத லிங்க்

பொய் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியாத மனிதர் உலகத்திலேயே எங்கள் 'இயற்கை' அண்ணன் ஒருவர்தான்.

திருச்செங்கோட்டில், போர் போடும் ரிக் லாரிகளுக்கான ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இணையத்தில் தேடினால் எங்கள் போர்வெல் கம்பெனிதான் முதலில் வரவேண்டும். அதற்காக, யார் யாரோ எழுதும் வலைப்பூக்களில் வாசகர் மாதிரி கமெண்ட் போட்டு, கம்பெனி லிங்க்கை நைசாகச் செருகுவோம். "இயற்கையா இருக்கோணுமுங்க" என்று அண்ணன் சொல்லிச் சொல்லியே அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நாங்கள் போன வேகத்தில் லிங்க்கைப் போட்டுவிட்டு வருவோம். அண்ணன் மாதக்கணக்கில் சௌக்கியம் விசாரிப்பார்.

"போனதும் போகாததுமா பொண்ணு கேப்பாங்களா தம்பி? மொதல்ல நாலு வார்த்த பேசோணுமுங்க."

திருநெல்வேலி சுடலை, சென்னை ப்ரியா, மதுரை பாண்டி என்று மூன்று பெயர்களில் எழுதுவார். மூவருமே, "ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

"அண்ணா, திருநெல்வேலிக்காரன் 'ஏனுங்க'ன்னு கேப்பானா?"

"அவனுக்கு இங்க பக்கத்துல மல்லசமுத்திரத்துல பொண்ணு எடுத்திருக்குதுங்க."

"சரி, ப்ரியா?"

கொஞ்சம் யோசித்தார். "அது இங்க காலேஜுல படிச்ச புள்ளைங்க."

தஞ்சாவூர்ப் பக்கம் ரிடையரான டீச்சர் ஒருவர் தன் தோட்டத்தைப் பற்றி வலைப்பூ எழுதிவந்தார். அண்ணனின் மூவரும் அங்கே வாடிக்கை. கிணறு வற்றிவிட்டது என்று அவர் எழுதியதும் எங்கள் முதலாளி துள்ளிக் குதித்தார். அண்ணன் பேச்சை அந்தப் பக்கம் திருப்புவதற்குள், டீச்சரின் ஒரே மகன் விபத்தில் போய்விட்டான். சுடலையும் ப்ரியாவும் பாண்டியும் ஆறுதல் எழுதினார்கள். கீபோர்டு முன்னால் அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

டீச்சரிடமிருந்து பதில் வந்தது. "நீங்க மூணு பேரும் ஒரே ஆள்தான்னு எனக்கு எப்பவோ தெரியும். இருந்தாலும் நிறுத்திடாதீங்க. வீட்டுக்கு நாலு பேர் வந்து போற மாதிரி இருக்கு."

முதலாளி அதைப் படிக்கவே இல்லை. "துக்கம் கேக்க அந்த வலைப்பூவுக்கு இப்பத்தான் கூட்டம் வருது. லிங்க்கைப் போடு. இல்லீன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராத."

இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த மனிதர் அண்ணன். அந்த வயதில் வேறு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு.

"எழவு ஊட்டுல போயி நோட்டீஸ் குடுக்க என்னால ஆகாதுங்க" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அலைந்து திரிந்து, சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அங்கிருந்தும் மூன்று பேரும் டீச்சரை விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். போன மாசியில் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார். டீச்சருக்கு நான்தான் எழுதினேன்.

"மூணு பேர்ல ஒருத்தர்கூட வரலியேன்னு பார்த்துட்டே இருந்தேன்" என்று பதில் வந்தது.

இப்போது நான் அவ்வப்போது டீச்சருக்கு எழுதுகிறேன், என் சொந்தப் பெயரில். அண்ணனைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறோம். இரண்டு பேருக்குமே அவர் போனதைத் தாங்க முடியவில்லை.