மாமா என்று கூப்பிடச் சொன்னவர்

பரிவாளர் என்று ஒரு ஜாதி உண்டு. பெண்கள் வேலைக்குப் போகக்கூடாது என்று கத்துகிற பழமைவாதியோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவன் கதவைச் சாத்துவான். இவர் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்வார்.

கல்கத்தாவில் ஒரு தபாலாபீஸில், விலாசம் புரியாத கடிதங்களைப் பிரிக்கும் பகுதியின் தலைமைக் குமாஸ்தா வைத்தீஸ்வரன் இதில் முதல் தரம். இளம் விதவை பாகீரதிக்கு அங்கே வேலை கொடுத்தவர் அவர்தான். அதை அவரே தினமும் சொல்வார். அவளுடைய மானத்தைக் காக்க ஒரு மூங்கில் தட்டி நிறுத்தினார். கூரையில் தொங்கிய பங்கா விசிறி தட்டிக்கு அந்தப் பக்கம் ஆடியது. புழுக்கம் அவள் பக்கம் இருந்தது. ஆபீஸில் தன்னை சார் என்று கூப்பிட வேண்டாம், மாமா என்றால் போதும் என்றார். சாரிடம் சம்பள உயர்வு கேட்கலாம். மாமாவிடம் எந்தப் பெண் கேட்பாள்?

பாகீரதி கேட்டாள். பவானிபூரில் அவளும் ஐந்து வயது மகளும் இருந்த அறைக்கு வாடகை ஏறியிருந்தது. கட்டாவிட்டால் மைத்துனன் வீட்டு அடுப்படிக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. 'கிடர்பூர் கப்பல் துறை, அரசமரத்தடி, மூக்கன் கையில் சேரவும்' என்று தமிழிலும் தெலுங்கிலும் வருகிற கிறுக்கல்களை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளிடம் கற்றுக்கொள்ளப் புதிதாக வந்த சீதாராமனுக்கு மாதம் முப்பது ரூபாய். கற்றுக்கொடுப்பவளுக்குப் பதினைந்து.

பரிவாளரிடம் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. கன்னிப்பெண்ணுக்கு நாளைக்குப் புருஷன் வந்து சோறு போடுவான். கல்யாணமானவளுக்கு அவன் ஏற்கெனவே போடுவதால் அவளை வேலையிலேயே வைக்கக்கூடாது. விதவைக்கு?

"நோக்கு என்னடியம்மா செலவு? ஒரு வேளைதானே சாப்பிடறே" என்றார், கனிவாக.

பாகீரதி அன்று வந்த கடிதக் கட்டை அவிழ்த்து, சரிபாதியைத் தட்டிக்கு மேலாக சீதாராமன் மேசையில் வைத்தாள்.

"பாதிச் சம்பளக்காரிக்குப் பாதிக் கட்டு போறும், சார்."

வேலை நின்றதுகூட அவரை அவ்வளவு உறுத்தவில்லை. அந்த 'சார்' உறுத்தியது. மகள் போல் வளர்த்தேனே என்று ஆபீஸ் முழுக்கப் புலம்பினார். நான்கு நாளில் சீதாராமன் மேசையில் மூக்கன்களின் கடிதங்கள் மலையாகி, மேலதிகாரி துரை கேள்வி கேட்டார். உடனே ஐந்து ரூபாய் உயர்வுக்குச் சிபாரிசு போயிற்று. வாடகைக்கு அது போதும். போராடி வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று வைத்தீஸ்வரன் இன்றும் சொல்லிவருகிறார்.

இப்போது பாகீரதிக்குச் சம்பளம் இருபது. தினமும் கடிதக் கட்டில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எடுக்கிறாள். சார் என்றுதான் கூப்பிடுகிறாள்.

அது கிடக்கட்டும். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் உங்களை எப்படிக் கூப்பிடுகிறாள்? அண்ணா என்றா? அப்படிக் கூப்பிடச் சொன்னது யார்?