பதினோரு மணிக்குக் கொதிக்கும் தண்ணீர்

அந்த அறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் வெளியே கேட்கவில்லை. என் சபதங்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

துலக்கியது பாதி பிரஷ்ஷால். பிடியை ரம்பத்தால் அறுத்துவிட்டிருந்தேன். ஏழு கிராம் மிச்சம். பார்சல் ஆபீஸில் அடுத்தவர் மூட்டையை நிறுத்து நிறுத்து, எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தெரிவது எடைதான். ஆபீஸில் என்னைக் 'கிராம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாதக் கடைசியில் நாங்கள் நான்கு பேர் மலைக்கு நடந்துபோய், மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்குவதாக ஏற்பாடு. சமையல் சாமான் என் பொறுப்பு. உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியாத அடுப்போடு வருவேன் என்று எல்லாரிடமும் வாயை விட்டிருந்தேன்.

அடுப்பும் தயாராகிவிட்டது. இரண்டு குளிர்பான டின்களின் அடியை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் இருபத்துநாலு துளை. நடுவில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் ஒவ்வொரு துளையிலும் ஒரு குட்டிச் சுடர். மொத்தம் பதினாறு கிராம். இருபத்துமூன்று துளை போட்டால் மூச்சு முட்டும், இருபத்தைந்து போட்டால் இருமும். இதைக் கண்டுபிடிக்க நூறு டின்னுக்கு மேல் பலியாகியிருந்தது. பலியானதெல்லாம் பின்னறையில் கிடந்தது. கூடவே ஓட்டை போட்டு இளைக்கவைத்த கரண்டிகள், பால்பவுடர் டின்னுக்குக் கம்பிப் பிடி வைத்த பாத்திரம், சுருட்டி வைத்த அலுமினியத் தாள். ஸ்பிரிட்டுக்குக் கவலையில்லை. பால்கனி அலமாரியில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். எதற்கு இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

இப்போது அந்தப் பின்னறை என் மனைவிக்கு வேண்டுமாம்.

அவள் பல்செட் செய்கிறவள். டாக்டர் அளவெடுத்துக் கொடுப்பார், இவள் கிளினிக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பல் செய்து கொடுப்பாள். ஆறு வருஷமாக ஊரில் பாதிப் பேர் இவள் கையால்தான் சிரிக்கிறார்கள். எப்படிச் செய்கிறாள் என்று அதையும் நான் கேட்டதில்லை. போன மழையில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வெளிச்சமான ஒரு அறையும் ஒரு குழாயும் இருந்தால் வேலையை வீட்டுக்கே அனுப்புகிறேன், இல்லையென்றால் மாதக் கடைசியில் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் வெளிச்சமும் குழாயும் சேர்ந்து இருக்கிற ஒரே இடம் பின்னறை.

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள். அதுதான் வினையாகிவிட்டது. யோசித்தேன்.

ஸ்பிரிட் நெருப்புக்கு ஒரு குணம் உண்டு. நல்ல வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. சுடர் கிடையாது, புகை கிடையாது. பாத்திரம் சும்மா உட்கார்ந்திருக்கும், உள்ளே தண்ணீர் கொதிக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கே முதுகு சில்லிட்டது. விஷயம் தெரிந்த எனக்கே அப்படியென்றால் தெரியாதவளுக்கு எப்படி இருக்கும்? மற்றவர்கள் வீட்டுப் பேய் பன்னிரண்டு மணிக்கு இருட்டில் வரும். என் பேய் காலை பதினோரு மணிக்கு, பளிச்சென்ற வெயிலில் வரும். எனக்கும் ட்யூட்டி மதியம் இரண்டு மணிக்குத்தான்.

புதன்கிழமை ஜன்னலோர மேஜையில் பாத்திரத்தை ஏற்றினேன். அடியில் அடுப்பு. தகரக் குப்பைக்கு நடுவே அது இன்னொரு தகரம். கொதி வந்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, இதை நீ வெச்சியா?"

ஈரக் கையோடு வந்து நின்றாள். பாத்திரத்தைப் பார்த்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

"நான் எதுக்குங்க வெக்கப்போறேன்," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அப்புறம் தயாராக வைத்திருந்த ஆளை எடுத்துவிட்டேன். நமக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தாராம். தினமும் பதினோரு மணிக்கு இந்த அறையில்தான் வெந்நீர் வைத்துக் குடிப்பாராம். ஒருநாள் தண்ணீரை ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். பார்சல் ஆபீஸில் பேசிக்கொண்டார்கள் என்றேன். அந்தப் பெரியவரை அன்று காலை சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே உண்டாக்கியிருந்தேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அறையைப் பூட்டிவிடலாம், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் என்றாள். டாக்டரிடம் முடியாது என்று சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். ஆறு வருஷத்தில் நான் ஜெயித்த முதல் ஆட்டம். அன்று ஆபீஸில் இரண்டு மூட்டைக்கு எடை குறைத்துப் போட்டேன், சந்தோஷத்தில்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவள் தட்டைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். மேல்வீட்டு அக்காவிடம் விசாரித்தாளாம். உண்மைதானாம். அப்படி ஒருவர் இருந்தாராம்.

"இருந்தாரா?" என்றேன்.

"நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

"இருமுவாராம். வறட்டு இருமல். மூணு மூணாத்தான் இருமுவாராம்."

அவருக்கு நான் இருமல் கொடுக்கவில்லை. நாற்காலி கொடுத்தேன், வெந்நீர் கொடுத்தேன், இருமல் கொடுக்கவில்லை.

மறுநாள் அவள் கடைக்குப் போனதும் அறையைத் திறந்தேன். என் டின்கள் அப்படியே இருந்தன. நாற்காலி மட்டும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான்தான் திருப்பியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்காலியை மறுபடி கதவுப் பக்கம் திருப்பி வைத்து, பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை நாற்காலி மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேஜையில் இரண்டு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. ஒன்று உலர்ந்திருந்தது. இன்னொன்றின் விளிம்பில் ஈரம். ஒன்று அவருக்கு என்றால் இன்னொன்று யாருக்கு என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து ஜாக்கிரதையானேன். அடுப்பை ஒரு டப்பாவில் போட்டு ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டேன். ஸ்பிரிட் பாட்டிலில் பேனாவால் கோடு கிழித்து அதையும் பையில் போட்டேன். இனிமேல் அந்த அறையில் அடுப்பு இல்லை, ஸ்பிரிட் இல்லை. நெருப்புக்கு வழியே இல்லை.

திங்கட்கிழமை காலை பதினோரு மணி. அவள் குளிக்கிற சத்தம் கேட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னறையிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். பாத்திர மூடி ஆடுகிற சத்தம்.

பூட்டைத் திறக்கச் சாவியை நுழைக்கவே மூன்று தடவை பிடித்தது. உள்ளே வெயில் தரை முழுக்கப் பரவியிருந்தது. அவ்வளவு வெளிச்சமான அறையில் அவ்வளவு பயமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேஜையில் மூன்று வெள்ளைக் கல். அதன் மேல் என் பாத்திரம். அடியில் ஒரு வெள்ளைச் சாஸர், பார்த்தால் காலி. மூடி துள்ளிக்கொண்டிருந்தது. கையோடு தூக்கிவந்திருந்த ஆபீஸ் பையை அவிழ்த்தேன். அடுப்பு டப்பாவில் இருந்தது. பாட்டிலில் ஸ்பிரிட் நான் கிழித்த கோட்டிலேயே நின்றது. இருபத்துநாலு துளை இல்லாமல் ஸ்பிரிட்டு ஒழுங்காக எரியாது என்று இந்த உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவன் நான். அடுப்பு என் கையில். நெருப்பு மட்டும் அங்கே.

பாத்திரத்துக்கும் சாஸருக்கும் நடுவே மெல்ல விரலை நீட்டினேன். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வெடுக்கென்று கடித்தது.

விரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் கேட்டது. வறட்டு இருமல். ஒன்று. இரண்டு. மூன்று.

அதற்கப்புறம் நான் கூடத்துக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகமில்லை. ஷூ ஒன்று காலில் இருந்தது, ஒன்று கையில் இருந்தது. தலை துவட்டிக்கொண்டே வந்தவள், என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு என்றாள். சொன்னேன். என் பங்கை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன். பெரியவரை உண்டாக்கியது நான்தான் என்று மட்டும் வாயில் வரவில்லை. வந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அவள் நீளமாக மூச்சு விட்டாள். மேல்வீட்டு அக்கா இன்னொன்றும் சொன்னாராம். அவருக்குத் தகரம் வெட்டுகிற சத்தம் ஆகாதாம். பெண்பிள்ளை யாராவது உட்கார்ந்து அமைதியாகக் கைவேலை செய்தால் சாந்தமாகிவிடுவாராம்.

"அப்போ நீயே அங்க உட்காரேன்," என்றேன்.

"ஐயோ, நான் மாட்டேங்க. எனக்குப் பயமா இருக்கு."

கெஞ்சினேன். அவள் யோசித்துப் பார்க்கிறேன் என்றாள். மறுபடி கெஞ்சினேன். வெறும் அறையில் எப்படி உட்காருவது, இரண்டு அலமாரியாவது வேண்டாமா என்றாள். அலமாரி அடித்தேன். குழாய் ஒழுகுகிறதே என்றாள். ஆள் கூட்டிவந்து மாற்றினேன். நூற்றுச் சொச்சம் டின்னையும் நானே மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். ஒரு கிலோ அறுநூறு கிராம். சுவருக்கு வெள்ளையடித்தேன். அதற்கப்புறம்தான், எனக்காக, போனால் போகிறதென்று, அவள் சம்மதித்தாள். டாக்டரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாயே என்று கேட்டேன். இன்னும் சொல்லலை என்றாள்.

மலைக்குக் கிளம்புகிற நாள். பையை நிறுத்துப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொண்டு போகலாம் என்று பின்னறைக் கதவைத் திறந்தேன். ஜன்னலோரம் நாற்காலி, அதில் அவள். முன்னால் வெள்ளை மாவில் வார்த்த ஒரு தாடை அச்சு. கையில் ஒரு சின்னக் கத்தி. அந்தக் கத்தியை மேஜைமேல் வெறும் காற்றில் காட்டினாள். காற்றிலிருந்து எடுத்து மெழுகில் வைத்தாள். மெழுகு வெண்ணெயாக உருகியது. மறுபடி காற்றில் காட்டினாள். காற்றுக்குக் கீழே, வெயிலில், ஒரு குட்டி ஸ்பிரிட் விளக்கு. சுடர் தெரியவில்லை. அலமாரியில் பால்கனிப் பாட்டில் மாதிரியே நான்கு பாட்டில்.

"ஆறு வருஷமா இதாங்க என் வேலை," என்றாள் நிமிராமல். "ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா?"

"அந்தச் சாஸர்?"

"ரெண்டு ஸ்பூன் ஸ்பிரிட்டு ஊத்தினேன். வெந்நீர் வெக்க அது போதாதா? அதுக்கு எதுக்குங்க அத்தனை ஓட்டை."

அது ஸ்பிரிட்டைவிட அதிகமாகச் சுட்டது. பூட்டுக்கு இரண்டு சாவி உண்டு என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேட்க ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"சரி, குளியலறையில இருந்து இருமினியே, அச்சு அசலா ஆம்பிளைக் குரல். எப்படி அது?"

கத்தி காற்றில் நின்றது. முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த இருமல்?"

நான் கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். நாலு அடி வைத்திருப்பேன். உள்ளே இருமல். வறட்டு இருமல். ஒன்று. இரண்டு. மூன்று. பின்னாலேயே அவள் குரல், ரொம்ப மரியாதையாக.

"என்னங்க, போறப்போ அந்த அடுப்பை வாசல்ல வெச்சுட்டுப் போங்க. அவருக்கு வேணுமாம்."

வைத்துவிட்டுப் போனேன். பையில் ஒரு வெள்ளைச் சாஸரை எடுத்துப் போட்டுக்கொண்டு.