ராணியின் அங்கியைத் திருப்பி அனுப்பவும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். குறையாவிட்டாலும் இன்றைக்கு எனக்கு வருத்தமில்லை. நான் உன்மேல் கடுங்கோபத்தில் இருக்கிறேன்.

என் மனைவி போய் மூன்று மாதமாகிறது. அவள் அலமாரியில் ஏழு உடைகள் இருந்தன. அவை அத்தனையையும் என் மகள், அதாவது உன் செல்ல மருமகள், நான் அலுவலகம் போயிருந்த நேரம் பார்த்து எடுத்து வெட்டி, நீ உடுப்பறையைக் கட்டி ஆளும் அந்த நாடகக் கொட்டகைக்கு ராணி அங்கி ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறாள். நீயும் வாங்கி மாட்டிவிட்டாய். யாருடைய துணி என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். நல்ல தையலைப் பார்த்துவிட்டால் நம் வீட்டாருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

இது நம் குடும்பத்து வியாதி. அப்பா நாடகக்காரர்களுக்குத் தைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டார். கடைசி நாளில் வைத்தியர் குனிந்து நாடி பார்த்தபோது, அந்த மனுஷனின் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்து, “உள்பட்டி வைக்காம ஏமாத்திட்டான்” என்றார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. நீ கல்யாணமே வேண்டாம் என்று கத்தரிக்கோலோடு கிளம்பிப் போனாய். நான் மட்டும் தப்பித்து, மின்கட்டண அலுவலகத்தில் குமாஸ்தாவாகி, ஊசியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து, ஒரு பட்டன்கூடத் தைக்கத் தெரியாத பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். அவளும் மகள் கையில் நூல்கண்டு படாமல்தான் வளர்த்தாள். என்ன வளர்த்து என்ன? அவளைக் கிடத்தியிருந்தபோது உடுப்பின் தோளில் தையல் ஒரு விரற்கடை பிரிந்திருந்தது. சுற்றிலும் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அதைச் சேர்த்துப் பிடிக்க நானும் மகளும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். பாவம், தொட்டுத் தொட்டு அழுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தோம் அக்கா. நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

சரி, அங்கியை மீட்டு வந்துவிடுவோம் என்று போன ஞாயிறு மதியக் காட்சிக்குப் போனேன். நீ முழங்கால் வலி என்று அன்றைக்கு வரவில்லை, தப்பித்தாய். ராணி வந்தாள். அங்கியின் கை இரண்டும் மழைக்காலத்தில் என் மனைவி போட்டுக்கொள்ளும் சாம்பல் நிறக் கோட்டு. இடுப்புக்குக் கீழே, நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டபோது உடுத்தியிருந்த பச்சை. கழுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பழுப்பு. என் மனைவி துண்டு துண்டாக மேடையில் நடந்து வந்தாள். நடுவில் முன்பின் தெரியாத ஒரு குண்டுப் பெண் இருந்தாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் அங்கத்தில் தளபதி கத்தியை உருவியபோதுதான், ராணியின் நெஞ்சுக்குள் சிவப்புச் சாயப் பையை வைத்துத் தைத்திருப்பார்களே என்று எனக்கு உறைத்தது. எழுந்து மேடைவரை போய்விட்டேன். “குத்தாதீங்க, துவைச்சாலும் போகாது” என்று சொன்னேனாம். ஜனங்கள் அதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். தளபதி கத்தியும் கையுமாக விழித்துக்கொண்டு நிற்க, ராணி பொறுப்பை உணர்ந்து தானாகவே செத்தாள்.

திரை விழுந்ததும் உள்ளே போய் அங்கியைக் கழற்றச் சொன்னேன். அந்தப் பெண் பயந்துபோய் இரண்டு கைகளையும் தூக்கினாள். அக்குளில் தையல் விட்டுப்போயிற்று. என் மனைவி ஒல்லி, தையலைப் பிரித்து அகலமாக்கத் துணியில் இடமே இல்லை. குனிந்து பார்த்தால், ஏழு தையலுக்கு ஒரு தரம் ஊசியைப் பின்னுக்கு வாங்கி ஒரு பின்தையல், அப்படியே அப்பாவின் கை. நான் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நீயும் சொல்லியிருக்க முடியாது, நீ ஐந்துக்கு ஒன்று போடுகிறவள். நான் அங்கேயே ஊசி வாங்கித் தைத்துக் கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. விட்டுப்போன இரண்டு அங்குலம்தான் தைத்தேன்.

உன் உடுப்பறையில் வேலையாக இருந்த மகள் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “கை சும்மா இருந்தா அழுகை வந்துடுதுப்பா. தைக்கும்போதுதான் அம்மா போயிட்டாங்கறதை என்னால தாங்க முடியுது” என்றாள். உனக்குத் தாங்கும், எனக்கு அவளுடையதென்று ஒரு நூல்கூட மிச்சமில்லையே என்றேன். அவள் திரும்பிப் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. தட்டை வைத்துவிட்டுப் போகிறாள், நான் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைக்கிறேன். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் இது எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அங்கியைப் பிரித்து ஏழு உடைகளாகத் திருப்பி அனுப்பு. முடியாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் அனுப்பு. என் மகளை இனி உடுப்பறைக்குள் விடாதே. விட்டால் எனக்கு அக்கா இல்லை, உனக்குத் தம்பி இல்லை.

படிக்கட்டில் பார்த்து இறங்கு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள். கோபம் வேறு, நீ நன்றாக இருக்க வேண்டும் என்பது வேறு.

இப்படிக்கு,
உன் ஆசியை இன்னும் எதிர்பார்க்கும்
தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை மகளிடம் காட்டாதே. கூட வரும் பொட்டலத்தைக் கொடு. அலமாரியில் ஏழுதான் இருந்தன. எட்டாவது என் தலையணை உறைக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் என் மனைவி கடைசியாகப் போட்டிருந்த இரவு உடை. நான் துவைக்கவில்லை. ராணி கையைத் தூக்க அக்குளுக்கு இரண்டு ஒட்டுத்துண்டு வேண்டும். துவண்ட பழைய துணியாக இருந்தால்தான் இழுக்காது. இன்று காலை அந்த இரவு உடையிலிருந்து நானே வெட்டினேன். முதல் துண்டு சரியாக வந்திருக்கிறது. இரண்டாவதை வெட்டும்போது கண் மறைத்துவிட்டது, ஓரம் கோணல். அதை மட்டும் அவளை நேராக்கிக்கொள்ளச் சொல்.