கம்பைலர் சார் போட்ட மார்க்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் எழுதுகிற ஆள் இல்லை. ராமாபுரத்தில் பத்தாவது முடித்தேன். அதற்கு மேல் படி என்று பள்ளிக்கூடமும் என்னை வற்புறுத்தவில்லை, நானும் அதற்குத் தொந்தரவு கொடுக்கவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். இப்படிப்பட்டவன் கம்ப்யூட்டர் சங்கதியை வாரப் பத்திரிகையில் எழுதக் கிளம்பியது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் எங்கள் ஆபீசில் படித்தவர்கள் பதினோரு பேர் இருந்தும் ஒருவர்கூட இதை எழுதவில்லை. எழுதினால் தங்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும் என்று யோசித்திருப்பார்கள். படிப்பு எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

சொல்ல வந்தது இதுதான். சொந்த மாமனாருக்குக்கூடக் கொடுக்காத மரியாதையை ஒரு மென்பொருளுக்குக் கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கம்பைலர் சார்.

மைசூர் அக்ரஹாரத்தில் கீழே பூஜை சாமான் கடை, மேலே எங்கள் ஆபீஸ். விவசாயிகளின் போர்வெல் மோட்டாருக்கு மாட்டுகிற ஒரு பெட்டி செய்தோம். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால், மோட்டார் புகைவதற்குள் அதை நிறுத்திவிட்டு, விவசாயியின் போனுக்குத் தகவல் அனுப்பும். 'செய்தோம்' என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவர்கள் செய்தார்கள். நான் காபி கொடுத்தேன், ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொண்டேன்.

கம்பைலர் என்றால் என்னவென்று தெரியாமல் முதல் வருஷம் முழுக்க நான் பயந்துகொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. என் அப்பா கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்தவர். கட்டடத்தில் இன்ஜினியர் பேசுவது சித்தாளுக்குப் புரியாது. சித்தாளுக்கு என்ன தெரியும் என்பது இன்ஜினியருக்குத் தெரியாது. நடுவில் மேஸ்திரி நின்று, அவர் சொன்னதை இவருக்குத் தகுந்த மாதிரி சொல்லி வேலை வாங்குவார். இங்கே சிப்புதான் சித்தாள், கம்பைலர்தான் மேஸ்திரி. இவ்வளவுதான் விஷயம். இதற்கு நாலு வருஷம் காலேஜில் படிக்கிறார்கள்.

இந்த மேஸ்திரியை சார் 'அவர்' என்றுதான் சொல்வார்.

"இன்னிக்கு அவருக்கு மூட் சரியில்ல பழனி. நேத்து நான் கொஞ்சம் கடுமையா பேசிட்டேன்."

"அப்படிங்களா சார். காபி அவருக்கும் வேணுங்களா?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கூச்சம்.

தினமும் காலையில், கம்பைலர் சிப்புக்காக எழுதிக் கொடுத்த உத்தரவுகளை நாற்பது பக்கம் அச்சடிப்பார். சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துவார். கடைசிப் பக்கத்தில் மார்க் போடுவார். நூற்றுக்கு முப்பத்தெட்டு. கீழே, 'இன்னும் முயற்சி தேவை.' அதைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் டிபன்.

தண்ணீர் கேன் போட வந்தவர் ஒரு நாள் சுவரைப் பார்த்துவிட்டு, "யாரு சார் இந்த மக்கு?" என்று கேட்டுவிட்டார்.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "மக்கு இல்ல. கவனக்குறைவு" என்றார்.

மார்க் குறைந்ததற்குக் காரணம் ஒரே ஒரு பாடம். மோட்டாரை அளக்கிற கருவியிலிருந்து எண்கள் வரும். ஒவ்வொரு எண்ணும் நாலு துண்டு. கருவி பெரிய துண்டை முதலில் அனுப்பும். எங்கள் சிப்புக்கோ சின்னத் துண்டு முதலில் வேண்டும். ஆகவே வருகிற ஒவ்வொரு எண்ணையும் தலைகீழாக வரிசை மாற்ற வேண்டும். இதை ஆபீசில் எல்லோருக்கும் புரியவைக்க சார் தேர்ந்தெடுத்த நேரம், மீட்டிங்குக்கு நான் காபித் தட்டோடு உள்ளே நுழைந்த நேரம்.

"பழனி, நில்லுங்க. தட்டைக் கீழ வைங்க. இந்த நாலு டம்ளரையும் அப்படியே வரிசை மாத்துங்க. கடைசி மொதல்ல வரணும். ஒவ்வொண்ணா தூக்கி வைங்க."

எல்லோரும் பார்க்க மாற்றினேன்.

"எத்தனை தடவை தூக்கி வச்சீங்க?"

"ஆறு தடவைங்க சார்."

"இப்பப் பாருங்க." தட்டைப் பிடித்து அரைவட்டம் சுற்றினார். கடைசி டம்ளர் முதலுக்கு வந்துவிட்டது. "ஒரே திருப்பு! நம்ம சிப்புக்கு இந்தத் திருப்பு தெரியும். ஒரே உத்தரவு போதும். ஆனா அவர் அதைச் சொல்ல மாட்டேங்கறார். தூக்கு, வை, தூக்கு, வைன்னே சொல்லிக்கிட்டிருக்கார்."

"காபி ஆறிப்போச்சு ஸ்வாமி" என்றார் எங்கள் மேனேஜர் மேடம். மேடம் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர். வீட்டில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம்.

கோபம் வர நியாயம் இருந்தது. எண்ணைத் திருப்புகிற இடம் புரோகிராமில் நூற்றுக்கணக்கில் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரிக்குப் பதில் பல வரி என்றால் என்ன ஆகும்? டிபன் பாக்ஸில் சாதத்தை அமுக்கி அமுக்கி வைத்தும் மூடி மூடாமல் நிற்குமே, அதுதான் ஆயிற்று. புரோகிராம் சிப்புக்குள் உட்காரவில்லை. உட்காராத புரோகிராமை விவசாயிக்கு விற்க முடியாது.

மேடம் சுலபமான வழி சொன்னார். "அந்த ஒரு உத்தரவைக் கையாலேயே எழுதிப் போட்டுடுங்களேன். எதுக்குக் கம்பைலரைக் கெஞ்சறீங்க?"

"மேஸ்திரி இருக்கும்போது நாமளே போய்க் கல்லு தூக்கினா அவருக்கு அவமானம் இல்லையா மேடம்?"

"யாருக்கு அவமானம்? அது ஒரு சாஃப்ட்வேர்!"

"மெதுவா பேசுங்க. உள்ள ஓடிக்கிட்டிருக்கார்."

மேஸ்திரிக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, அந்த ஒரே திருப்பை சார் நாற்பத்தோரு விதமாக எழுதிப் பார்த்தார். சுற்றி வளைத்து எழுதினார், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி எழுதினார். பிறகு கம்பைலரையே திறந்து உள்ளே கைவைத்தார். 'அறுவை சிகிச்சை' என்று கதவில் எழுதி ஒட்டினார். மார்க் முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தொன்றாகக் குறைந்தது.

திருத்திய காகிதம் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. பின்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருக்க, வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. தெருமுனையில் பூ விற்கிற சாவித்திரியம்மாவிடம் பொட்டலம் கட்டக் கொடுத்தேன். விளைவு அடுத்த சனிக்கிழமை கோவில் வரிசையில் தெரிந்தது. சாருக்கு முன்னால் ஒரு மாமி. மாமி கையில் மல்லிகைப் பொட்டலம். பொட்டலத்துக் காகிதத்தில் சிவப்புப் பென்சில் திருத்தம்.

"மாமி, ஒரு நிமிஷம் அதைப் பிரிங்க."

"எதுக்கு?"

"பத்தொம்பதாவது வரியில ஒண்ணு பாக்கணும்."

"யாரு நீங்க? சாமிக்கு வாங்கின பூவை எதுக்குத் தொடறீங்க?"

அதற்குள் சார் பிரித்துவிட்டார். மல்லிகை தரையில், மாமி உச்சஸ்தாயியில், பத்துப் பேர் சுற்றி. நானும் அவர் கூடத்தான் இருந்தேன், கூட இல்லாத மாதிரி. சார் மட்டும் நிதானமாக வாசித்துவிட்டு, "நான்தான் தப்பா கழிச்சிருக்கேன்" என்று சொல்லி, மாமியிடமே பேனா கேட்டு வாங்கி அரை மார்க் கூட்டிப் போட்டார்.

மறுபடி காகிதம் கொண்டுபோனபோது சாவித்திரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "எழுதாத பேப்பர் இருந்தா குடு பழனியண்ணா. எழுதினது வந்தா பின்னாடியே ஆளும் வருது."

மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஒரு திங்கட்கிழமை மேடம் சாரின் மேஜைக்கு வந்தார்.

"ஏன்ரீ, ஆயித்தா?"

"இன்னும் ஆகல மேடம். ஆனா கிட்ட வந்துட்டார்."

"வெள்ளிக்கிழமை குண்டலுபேட்டை டீலர் பெட்டியைப் பாக்க வரார். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள புரோகிராம் சிப்புக்குள்ள உக்காரணும். உக்காரலேன்னா, கையால எழுதற ஆள் ஒருத்தரை நான் கூட்டிட்டு வரேன். நீங்க வேற இடம் பாத்துக்குங்க."

கன்னடத்தில் ஆரம்பித்தவர், கடைசியில் நிதானமாகத் தமிழில் முடித்தார். கோபம் என்றால் தணிந்துவிடும். இது தீர்மானம். சாருக்கு வயது ஐம்பத்து நாலு. கம்பைலரோடு மனஸ்தாபம் கொள்கிறவரை வேலைக்கு வைத்துக்கொள்ள மைசூரில் இன்னொரு ஆபீஸ் எங்கே இருக்கிறது?

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு சார் மேஜை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தார். பதினேழு சிவப்புப் பென்சில், ஒரு மஃப்ளர், ஒரு எவர்சில்வர் ஸ்பூன். ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தார். நடுநடுவே ஸ்கிரீனைப் பார்த்து, "பரவாயில்ல, உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டோர் ரூம் என் பொறுப்பு. முன்பு எங்கள் பெட்டியில் ஏழு என்ற எண்ணில் முடிகிற ஒரு பழைய சிப்பைப் போட்டுக்கொண்டிருந்தோம். போன ஆயுத பூஜைக்குப் பிறகு மூன்றில் முடிகிற புது சிப்புக்கு மாறினார்கள். மிச்சமிருந்த பழையதை நான்தான் அட்டைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றினேன். ஆனால் சார் கம்பைலரை ஓடவிடும்போதெல்லாம் ஸ்கிரீனில் முதல் வரியில் ஒரு சிப்பின் பெயர் வரும். அது ஏழில் முடியும். காபி வைக்கும்போது தினமும் பார்த்தேன். பழைய சிப்பு எதற்கோ தேவைப்படுகிறது போல, சார் வாய்விட்டுக் கேட்டால் இறக்கிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்ல நான் யார்? போகிறவர் தேவைப்பட்டது கிடைக்காமல் போகக் கூடாதே என்றுதான் அன்று வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க சார்..."

"ம்?"

"பரண்ல இருக்கிற பழைய சிப்பை இறக்கட்டுங்களா?"

"எதுக்கு?"

"நீங்கதானுங்க கேக்கறீங்க."

"நான் எப்பக் கேட்டேன்?"

"தெனமும் கேக்கறீங்களே சார். அதோ, மொத வரியில. ஏழு."

சார் திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஏழு ஏழாகவே இருந்தது.

"எத்தனை நாளா இது இப்படி இருக்கு?"

"மூணு மாசமாங்க."

"மூணு மாசமா பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமாங்க."

"ஏன்யா சொல்லல?"

"நீங்கெல்லாம் படிச்சவங்க. ஏதாச்சும் காரணம் இருக்கும்னு..."

காரணம் இல்லை. எந்தச் சிப்பு என்று கம்பைலருக்குச் சொல்கிற ஃபைலைப் பழைய பெட்டியிலிருந்து புதியதுக்கு எடுத்துக்கொண்டபோது, சிப்பின் பெயரை மாற்ற மறந்துவிட்டார். மறந்தது சாரேதான். பழைய சிப்புக்கு அந்த ஒரே திருப்பு தெரியவே தெரியாது. 'உன்னிடம் இருப்பது பழைய சித்தாள்' என்று மேஸ்திரியிடம் சொல்லிவைத்தால், அவர் என்ன செய்வார்? அந்தச் சித்தாளுக்குத் தெரிந்த தூக்கு, வையை மட்டும் சொல்லி வேலை வாங்கினார். புது சிப்புக்குப் பழைய உத்தரவுகளும் தெரியும் என்பதால் ஒரு இடத்திலும் வேலை நிற்கவில்லை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேடம் சொன்னபடி ஒரே ஒரு தரம் கையால் எழுதியிருந்தால், 'இந்தச் சிப்பில் அப்படி ஒன்று கிடையாது' என்று முதல் நாளே பிழை காட்டியிருக்கும். அதையும் சாரே பிறகு சொன்னார், யாரும் கேட்காமலே.

ஏழை அழித்து மூன்று போட்டார். நாற்பத்தோரு விதத்தில் ஆக எளிமையான முதலாவதை எடுத்து ஓடவிட்டார். ஒரே திருப்பு. ஒரே வரி. புரோகிராம் உட்கார்ந்து, மேலே இடமும் மிச்சம் இருந்தது.

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. சார் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முப்பத்தெட்டை அடித்து நூறு, முப்பத்தொன்றை அடித்து நூறு. "அவருக்கு மொத நாளே புரிஞ்சிருக்கு பழனி. வாயத் திறக்காம, சொன்ன வேலையை மட்டும் பண்ணிக்கிட்டிருந்திருக்கார்." சொல்லிவிட்டு என்னையும் ஒரு தரம் பார்த்தார்.

மேடம் வந்தார். "ஆயித்தா?"

"ஆயித்து மேடம். தப்பு என்னுது. கண்டுபிடிச்சது பழனி."

அடுத்து மேடம் பேசியது அத்தனையும் கன்னடம். நிம்மதியாக இருந்தது. அதில் என் பெயர் இரண்டு தரம் வந்ததால், நான் ஸ்டோர் ரூமுக்குள் போய் எண்ண வேண்டாத ஸ்குரூக்களை எண்ண ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சார் அங்கே வந்தார். நாற்காலி இல்லை. ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தார், பெட்டி அமுங்கியது.

"வேற என்ன பாத்தீங்க பழனி?"

"சார்?"

"இத்தனை வருஷத்துல. வேற என்னென்ன பாத்தீங்க? சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அந்த ஆபீசில் என்னிடம் காபி கேட்டிருக்கிறார்கள், சாவி கேட்டிருக்கிறார்கள், செல்லோ டேப் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. ஏசித் தண்ணீர் சுவிட்ச் போர்டு மேல் சொட்டுவதைச் சொன்னேன். பெட்டிக்கென்று வருகிற மூடியில் ஒரு துளை இடம் மாறியிருப்பதைச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினேன். என் ஆயுளில் அவ்வளவு நேரம் ஒரே மூச்சாக நான் பேசியது அன்றைக்கு மட்டும்தான், கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் மட்டும்தான்.

மறுநாள் பதினோரு மணிக்குக் குண்டலுபேட்டை டீலர் வந்தார். ஒரு ஃபேஸைக் கழற்றிப் பார்த்தார், மோட்டார் நின்றது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, உப்பிட்டு என்கிற மைசூர் உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.