அக்காவின் ஸ்லைடு இரண்டு முறை கெட்ட விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்பது வழக்கம். இந்தத் தடவை கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குப் பதில் எங்கள் லேபில்தான் இருக்கிறது. போனில் பேசினால் நான் இருமுவதற்குக்கூட ஓர் அர்த்தம் கண்டுபிடித்து அழுவாய் என்பதால் கடிதம்.

உன் சினைப்பையிலிருந்து எடுத்த கட்டிக்கு ஏன் பத்து நாளாக ரிப்போர்ட் வரவில்லை என்று அத்தானைப் பிடித்துக் கத்துகிறாயாமே. அவர் பாவம், காரணம் நான். அந்தச் செல்கள் வளர்ந்து தமக்கென்று ஒரு வேலை கற்றவையா, இல்லை ஒன்றும் கற்காமல் பெருகிக்கொண்டே போகிற உதவாக்கரைகளா என்று பார்க்க வேண்டும். வேலை கற்ற செல் அதற்குரிய புரதத்தைச் செய்து வைத்திருக்கும். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மார்க்கரை ஒரு சொட்டு போட்டு, அப்புறம் சாயம் ஊற்றினால் அந்த இடம் பழுப்பாகும். இருபத்தாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. நீ என் அக்கா என்று தெரிந்தால் எங்கள் லேப் டாக்டரம்மா, கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய அந்தக் கண்ணாடி ஸ்லைடைத் தொடவே விடமாட்டார் என்று வாயை மூடிக்கொண்டு நானே எடுத்தேன். நம்ம அக்காவாச்சே, நல்லாப் பழுப்பாகட்டும்னு சாயத்தைக் கூடுதல் நேரம் வைத்தேன். செல், சதை, ஓரம் எல்லாமே காப்பிக் கொட்டை நிறம்; எது வேலை கற்றது, எது கற்காதது என்று பிரிக்கவே முடியாது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்; திட்டவில்லை, அதுதான் கஷ்டம். மறுநாள் ரொம்ப ஜாக்கிரதையா, இரண்டு கடிகாரத்தில் நேரம் பார்த்துச் செய்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒரு பொட்டுப் பழுப்பு இல்லை. அப்படின்னா ஒரு செல்லும் எதையும் கத்துக்கலை. அக்கா, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துட்டேன். பயமா இருந்தது. ஒவ்வொரு தடவையும், கட்டாயம் பழுப்பாகும் என்று தெரிந்த ஒரு சதைத் துணுக்கையும் சோதனைக்காகக் கூடவே வைப்போம். பக்கத்தில் வேலை பார்க்கும் பெண் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், இதுவும் வெளுப்பாத்தானே இருக்கு? மார்க்கர் போட்டீங்களா?" என்றாள்.

போடலை. கடிகாரத்தைப் பார்த்த மும்முரத்தில் அந்த ஒரு சொட்டை மறந்துட்டேன். நான் செய்த தப்புக்கு நானே சந்தோஷப்பட்டது இந்த இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அதே சந்தோஷத்தில் டாக்டரம்மாவிடம், நீ என் அக்கா என்பது உட்பட எல்லாத்தையும் கொட்டிட்டேன். என்னை வெளியே அனுப்பிவிட்டு, மூன்றாவது ஸ்லைடை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். முடிவு இப்போது அவர் மேசையில் இருக்கிறது. எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன், அதற்கு விதி இருக்கிறது. நான் கலங்காமல் வேலையைப் பார்க்கிறேன், நீயும் கலங்காதே. இந்தக் கடிதத்தில் விதிக்கு மாறாக எதுவும் இல்லையே என்று டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. நீ நூறு வயசு இருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உன் தம்பி

பின்குறிப்பு, லேப் டாக்டர் எழுதுவது: அம்மா, கடிதத்தில் விதிமீறல் எதுவும் இல்லை. கலங்காமல் வேலையைப் பார்ப்பதாக எழுதியிருப்பது மட்டும் பொய். உங்கள் செல்கள் நன்றாக வேலை கற்றவை. ஆபரேஷனே போதும், மேற்கொண்டு மருந்து தேவையில்லை. இது கைக்கு வருமுன் உங்கள் டாக்டரே போனில் சொல்லியிருப்பார். நோயாளிக்கு முன்னால் வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்பதால் உங்கள் தம்பிக்கு நான் சொல்லவில்லை. உறையையும் நானே ஒட்டிவிட்டேன். தயவுசெய்து நீங்களே அவருக்குச் சொல்லிவிடுங்கள். காலையிலிருந்து என் அறை வாசலில் வழியை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.