டிஸ்க்கா, டவுன்லோடா?

இனி இந்த வீட்டுக்குள் ஒரு டிஸ்க் நுழையாது என்று ஆறுமுகநயினார் ஒரு திங்கட்கிழமை காலை சபதம் செய்தார். அதற்கு முந்தின நிமிஷம் வரை அவர் டிஸ்க்கின் பரம பக்தர்.

தாராவியில் பத்துக்குப் பதினைந்து அடி வீடு. அதற்குள் மனைவி கீதா, இரண்டு பீரோ, ஒரு தண்ணீர் டிரம், மேலே பரண். இத்தனைக்கும் நடுவில் அவருக்கென்று இருந்தது டிவிக்குக் கீழே ஒரு கறுப்பு வீடியோ கேம் பெட்டி மட்டும். லெதர் பை தைக்கும் பட்டறையில் ஆறு நாள் தோலோடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாம் நாளான திங்கட்கிழமை அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தால் அவர் கொள்ளைக்கப்பல் தலைவன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு ஒரு கடலாவது சொந்தமாக இருக்க வேண்டாமா?

அந்தக் கடலை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு தடவை டோம்பிவிலியிலிருந்து வந்த மச்சினன் மகேஷ்குமார் ஒரே மணி நேரத்தில் அவருடைய மூன்று கப்பல்களை மூழ்கடித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து டிஸ்க்கைத் தினமும் சோற்றுப் பையில் போட்டுப் பட்டறைக்கே கொண்டுபோய்விடுவார். டிஸ்க் இல்லாமல் ஆட்டம் ஓடாது. பகலெல்லாம் பெட்டி உயிரில்லாமல் கிடக்கும்.

குடும்பம் நடத்துவதில் அவருக்கு இருந்தது ஒரே சட்டம். கீதா கிழக்கு என்றால் இவர் மேற்கு. கூலர் வேண்டாம் என்றாள், வாங்கினார். பச்சைப் பெயின்ட் அடிக்காதீங்க என்றாள். வீடே கிளிக்கூண்டு ஆனது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"ஏட்டி, கப்பல் ஆட்டத்துல நாலாவது பாகம் வந்திருக்கு. வாங்கப்போறேன்."

கீதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்குங்க. ஆனா டிஸ்க்காத்தான் வாங்கணும்."

டிஸ்க் வாங்கத்தான் அவர் சட்டையே மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிய கை பாதியில் நின்றது.

"ஏன், டவுன்லோடு பண்ணி டிஜிட்டல்ல வாங்குனா என்னவாம்?"

"சே, கையில பிடிக்க ஒண்ணுமில்லாத சாமானுக்கு யாராவது துட்டு குடுப்பாவளா? டிஸ்க்குன்னா டப்பா இருக்கு, மேல படம் இருக்கு. அடுக்கி வச்சா வீட்டுக்கே ஒரு அழகு."

"பரண்ல இடமில்லன்னு நேத்துத்தான கத்துனே?"

"இடம் பண்ணுதேன். டிஜிட்டல் மட்டும் வேண்டாங்க. அது பெட்டிக்குள்ளயே போயி உக்காந்துக்கிடுமாம்லா. வெளிய எடுக்கவே முடியாதாம். எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"இதெல்லாம் உனக்கு என்னட்டி தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. அதான் சொல்லுதேன்."

சபதம் அப்போதுதான் பிறந்தது. செய்தியை முதலில் கேட்டவர் மாட்டுங்கா வெங்கி. முடித்த ஆட்டங்களை இருவரும் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கைமாற்றிக்கொள்வது வழக்கம்.

"அரே, பாகல் ஹோ கயா க்யா? பைத்தியம் பிடிச்சுடுத்தா?" என்று போனிலேயே அலறினார் வெங்கி. "டவுன்லோட் பண்ணிட்டா எனக்கு எப்படிக் குடுப்பேள்? நாளைக்கு விக்கக்கூட முடியாது ஓய்!"

"வெங்கி, இது ஆட்டத்தைப் பத்தின விஷயம் இல்ல. இந்த வீட்டுல யாரு ராஜாங்கிற விஷயம்."

"அது எப்பவோ முடிஞ்சுபோன விஷயம்னு நெனச்சேன்."

ஆட்டம் இறங்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை கீதா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இரண்டு தோசை அதிகமாக இறங்கியது.

மூன்று திங்கட்கிழமைகள் போயின. ஆறுமுகநயினார் கலங்கரை விளக்கத் தீவு வரை வந்து அங்கேயே நின்றுவிட்டார். இரும்புக் கதவு, அதன் முன்னால் ஒரு காவல்காரக் கிழவன். வெட்டினால் விழவில்லை, சுட்டால் சாகவில்லை. நான்காம் திங்கட்கிழமை, கருவேப்பிலை வாங்க வந்த பக்கத்து வீட்டு சபுரா வாசலில் நின்று திரையைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, இன்னும் இந்தத் தீவுலயா நிக்கிய? நாங்க இதைத் தாண்டி மூணு தீவு போயாச்சே!"

அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"நாங்கன்னா?"

"நானும் கீதாக்காவும்தான். கப்பலை அக்கா ஓட்டுவாவ, பீரங்கி என் பொறுப்பு." அவர் முகத்தைப் பார்த்தவள், கருவேப்பிலையைக்கூட வாங்காமல் நழுவினாள்.

அவர் பட்டன்களை அழுத்தித் தேடினார். பெட்டிக்குள் கீதா பெயரில் தனியாக ஒரு கணக்கு. ரோஜாப்பூப் படம். பதினொரு கப்பல்.

அவர்கள் ஆடியது மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை. ஆண்கள் இல்லாத சந்தில் தையல் மெஷின் சத்தம் தூறலைப் போல விழுந்துகொண்டிருக்கும் நேரம். அந்த நேரத்துக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு கடல் கிடைத்திருந்தது.

"டிஸ்க்குதான் வேணும்னு சொன்னே?"

"டிஜிட்டல் வேணும்னு நான் கேட்டிருந்தா நீங்க வாங்கியிருப்பியளா?"

அவர் மெதுவாகத் திரும்பினார். "அப்போ... அந்தக் கூலர்?"

கீதா கூலர் காற்று வரும் பக்கமாகச் சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தார், வரவில்லை. பதினொரு கப்பல் வைத்திருப்பவளிடம் எப்படிக் கோபப்படுவது? அவரிடம் இருந்தது இரண்டு. அதிலும் ஒன்று ஓட்டை.

"சரி, இந்தப் பய கதவைத் திறக்க என்னதாம்ட்டி செய்யணும்? மூணு வாரமா வெட்டுதேன், அசைய மாட்டேங்கான்."

"அவனைப் போயி வெட்டுவாவளா? 'திறக்கவே கூடாது'ன்னு சொல்லுங்க. அப்புறம் பாருங்க."

திரையில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார். கிழவன் மீசையை முறுக்கிக்கொண்டு, கதவை அகலத் திறந்துவிட்டான்.