முடக்கு நானாவும் முதல் நன்மைச் சட்டையும்

டிலானி, றொஷான், இதை உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசித்தால் சந்தோஷம். முந்தலிலிருந்து கடற்கரை வரைக்கும் உள்ள ஊர்களில் மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற எல்லோரும், உங்கள் அப்பாவான என்னையும் சேர்த்துத்தான், அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம். அது எங்களைக் கொண்டுபோனது.

அந்த மனிதர் முடக்கு நானா. சண்டைக் காலத்தில் மன்னார்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து, எங்கள் பக்கத்தில் மீன் வியாபாரம் செய்தவர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். வெளியே யாருக்கும் அது தேவைப்படவில்லை; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

காலையில் கரையில் மீன் எடுத்து, பின்னால் பெட்டி கட்டி, உள் றோட்டால் வீடு வீடாகப் போவார். உங்களுக்குத் தெரிந்த றோட்டுத்தான், தென்னந்தோட்டங்களுக்கும் இறால் பண்ணைகளுக்கும் நடுவே போவது. அதை யாரும் திட்டம் போட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு மாடு தன் பாட்டில் மேய்ந்துகொண்டு போன வழியில் பிறகு கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். அத்தனை வளைவு. நாங்கள் முடக்கு என்போம். ஒவ்வொன்றுக்கும் நானா பெயர் வைத்திருந்தார், ஒவ்வொன்றிலும் ஹோர்ன் அடிப்பார். கிட்டப் போகும்வரை அந்தப் பக்கம் என்ன காத்திருக்கிறது என்று காட்டாதது மாமியார் முடக்கு. மழை பெய்தால் ஆளையும் மீனையும் ஒன்றாகக் கழுவிவிடுவது குளிப்பாட்டு முடக்கு.

பாண் முடக்கு என் கண் முன்னாலேயே பெயர் வாங்கியது. பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரியிலிருந்து பாண் விற்க வரும் ஓட்டோவுக்கு நானாவின் ஹோர்ன் கேட்கவில்லை. ஓட்டோ வாய்க்காலுக்குள் சரிந்தது, நானா வேலிக்குள் போனார். இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பாணெல்லாம் மீனுக்குள், மீனெல்லாம் பாணுக்குள். ஓட்டோ மட்டும் வாய்க்காலில் கிடந்தபடி பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தது. பாண்காரர் தலையில் கை வைத்துக் கத்த, நானா சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பி, ஒரு பாணுக்குள்ளிருந்து சூடை மீனை வாலில் பிடித்து இழுத்துக் காட்டினார்.

"கோவிக்காதீங்க தம்பி. மீன் வச்சதெண்டு நீங்க விக்கிற மாலு பாணில மீனைத் தேடித்தானே பாக்கணும்? இண்டைக்குத்தான் முழு மீனோட இருக்கு."

பாண்காரர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு எப்படிச் சண்டை பிடிப்பது?

எங்கள் ஊர் எல்லையில், புனித அந்தோனியாரின் சுரூபம் வைத்த சின்னக் கூடு இருக்கும் முடக்கில் மட்டும் நானா ஹோர்ன் அடிக்கமாட்டார். ஏனென்று கேட்டேன்.

"அங்க நிக்கிறவர் ரெண்டு பக்கத்தையும் பாத்துக்கொண்டுதானே நிக்கிறார். அவருக்கே ஹோர்ன் அடிக்கிறதா?"

சண்டை முடிந்து சில வருடங்களில் நேரான பெரிய றோட்டுக்குத் தார்க் கார்பட் போட்டார்கள். சனம் வேலையில்லாமல் அதில் ஒருமுறை போய் வந்தது. நானாவும் போனார், ஒரே ஒரு தடவை. கண் விழித்தபோது மோட்டார் சைக்கிளோடு இறால் பண்ணைத் தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்றார். பண்ணைக் காவல்காரர் ஓடிவந்து, "நானா, என்ன செய்றீங்க?" என்று கத்தினார்.

"மீன் கழுவ வந்தன்," என்றார் நானா.

எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். "நேர் றோட்டில எனக்கு வேலையே இல்ல தம்பி. கையும் சும்மா, காலும் சும்மா. சும்மா இருந்தா நித்திரை வருது. முடக்கு இருந்தாத்தான் நான் முழிச்சிருப்பன்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருடைய மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், உள்ளேயிருந்து சொன்னார்: "சிரிக்காதீங்க தம்பி. உண்மைதான். இவர் நேர் றோட்டிலதான் விழுந்து மௌத்தாகப் போறார்."

அவருக்குப் பின்னால் ஏறிப் போவது லேசான வேலை இல்லை. முடக்கில் அவர் ஒரு பக்கம் சாய்வார். விழப்போகிறோம் என்ற பயத்தில் நான் மற்றப் பக்கம் சாய்வேன். உடனே நிறுத்திவிடுவார்.

"நான் ஒரு ஊருக்குப் போறன், நீங்க வேற ஊருக்குப் போறீங்க. இறங்குங்க."

நான் முடக்கை நடந்து கடக்கவேண்டும். அவர் அந்தப் பக்கத்தில் காத்திருந்து ஏற்றிக்கொள்வார். அடுத்த முடக்கில் மறுபடியும் இறக்குவார். இப்படி அவரோடு மோட்டார் சைக்கிளில் முந்தலுக்குப் போன நாட்களில் பாதி வழி நான் நடந்தே போயிருக்கிறேன்.

டிலானி, முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கான உன்னுடைய முதல் நன்மைச் சட்டை முந்தலில் ஒரு தையல்கார அக்காவிடம் இருந்தது. சனிக்கிழமை தருகிறேன் என்றவர், சனிக்கிழமை பின்னேரம் போனால், "சட்டைக்குக் கை வைக்கிறதுதான் மிச்சம், விடியக் காலையில வாங்க" என்றார். ஞாயிறு காலைப் பூசைக்கு முன்னால் பஸ் இல்லை. அப்போது என்னிடம் மோட்டார் சைக்கிளும் இல்லை. "எல்லாப் பிள்ளைகளும் வெள்ளையில நிக்கும். சட்டை வராட்டி நான் கோயிலுக்கு வரமாட்டன்" என்று நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய். நான் போய் நானாவிடம் சொன்னேன். ஞாயிறு அவருக்கு நல்ல வியாபார நாள். அவர், "விடிய வாறன்," என்று மட்டும் சொன்னார்.

விடிய வந்தவரைப் பார்த்து எனக்கு ஆளே விளங்கவில்லை. பின்னால் மீன் பெட்டி இல்லை. பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சட்டை, பத்தடி தூரத்துக்கு அத்தர் மணம்.

"என்ன நானா, கலியாண வீடா?"

"பிள்ளையின்ட சட்டை வருது. மீன் மணத்தோடயா வாறது? ஏறுங்க."

போகும்போது வழக்கம்போல ஒவ்வொரு முடக்கிலும் இறக்கினார். திரும்பும்போதுதான் சிக்கல். தையல்கார அக்கா நாங்கள் போன பிறகுதான் கையை வைத்தார். பார்சலை வாங்கி ஏறும்போது நேரம் போய்விட்டது. அதை ஒரு கையில் பிடித்தால் எனக்கு நானாவைப் பிடிக்கக் கை இல்லை.

"நடுவுல வைங்க," என்றார் நானா. "உங்கட நெஞ்சும் என்ட முதுகும் பிடிச்சுக்கொள்ளட்டும். இண்டைக்கு இறக்கி ஏத்த நேரம் இல்ல. நீங்க வேற பக்கம் சாஞ்சா சட்டை றோட்டில."

அவ்வளவுதான் சொன்னார். மாமியார் முடக்கு வந்தது. அவர் சாய்ந்தார். உன் சட்டைக்காக நானும் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு சாய்ந்தேன். றோட்டுக் கல் முழங்காலுக்குக் கிட்ட ஓடியது, விழவில்லை. அடுத்த முடக்கிலும் விழவில்லை. பாண் முடக்கில் நானா ஹோர்ன் அடித்ததும் அந்தப் பக்கத்தில் பாட்டு நின்றது. பாண்காரர் ஓட்டோவை வேலியோரம் ஒதுக்கி, நாங்கள் போகும்வரை கையை உயர்த்திக்கொண்டு நின்றார். தூரத்தில் கோயில் இரண்டாம் மணி கேட்டது. "இப்பதான் நாம ஒரே ஊருக்குப் போறம்," என்று நானா திரும்பாமலே சொன்னார். அந்தோனியார் முடக்கில் சத்தமில்லாமல் திரும்பினோம்.

அம்மா பார்சலைப் பிரித்து மணந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நன்மை கொடுத்த சுவாமி பூசை முடிந்து, "எந்தப் பிள்ளையில இந்த வாசம்?" என்று கேட்டதும், நீ பெருமையாக முன்னால் வந்து நின்றதும் உனக்கு ஞாபகம் இருக்கும். நானாவை உள்ளே கூப்பிட்டேன். "நீங்க போங்க தம்பி, பிள்ளையைப் பாருங்க," என்று கோயில் வாசலில் நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க றோட்டுப் புழுதி. முதுகுப் பக்கம் மட்டும் பார்சல் அளவுக்குச் சதுரமாக வெள்ளையாக இருந்தது.

போன மாதம் நானா குடும்பம் சொந்தக் காணிக்குத் திரும்பிப் போனது உங்களுக்குத் தெரியும். லொறியில் சாமான் ஏற்றும்போது கேட்டேன், "அங்க றோட் எப்படி நானா?"

"நூல் பிடிச்ச மாதிரி நேர்," என்றார். முகம் சரியில்லை.

"பயப்படாதீங்க தம்பி, பின்னுக்கு இருந்து கிள்ளிக்கொண்டே போவன்," என்றார் ராத்தா. எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த நாள் பெட்ரோல் அடிக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். டாங்கியில் பெட்ரோல் இருந்தது. அந்தோனியார் முடக்கில் ஹோர்ன் அடிக்காமல் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கூட்டுக்குள் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். காணாமல் போனதைத் தேடித் தரச் சொல்லித்தான் எல்லோரும் அவரிடம் கேட்பார்கள். நான் கேட்டது வேறு. மன்னார் றோட்டில் எங்கேயாவது, நானாவுக்கு ஒரு முடக்கு.